உள்ளே ஒருவர் இருக்கிறார்

ஓட்டுப் பெட்டி வைத்திருக்கும் மறைப்புக்குள் ஒரு சமயத்தில் ஒருவர்தான் போகலாம். அவர் வெளியே வரும்வரை அதிகாரிகூட எட்டிப் பார்க்கக் கூடாது. திண்டிவனம் தாலுகா கச்சேரியில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த வேங்கடேசன் சார் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். யாராவது முண்டியடித்தால் நாங்கள் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் கொடுத்தார்.

"உள்ளே ஒருவர் இருக்கிறார். காத்திருங்கள். எங்கே, நீங்க சொல்லுங்கம்மா."

சொன்னேன். அவர் காதருகே கையைக் குவித்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். பட்டணத்தில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவள். வகுப்பில் நான் பேசுவது கடைசி வரிசைக்குக் கேட்காது. அதனால் பாடத்தைவிடச் சோதனைகள் அதிகம் செய்து காட்டுவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு மாசியில் மெட்ராஸ் மாகாணச் சட்டசபைக்குப் புதிய சட்டப்படி தேர்தல் வந்தது. முன்னைவிட அதிகமான பெண்களுக்கு ஓட்டு. அவர்கள் ஓட்டுப் போடும் அறையில் பெண்களே உட்கார வேண்டும் என்று சர்க்கார் தீர்மானித்தது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களைத் தேடியபோது என் பெயரும் அகப்பட்டது.

எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு இல்லை. சொத்து இருக்க வேண்டும், அல்லது படிக்கத் தெரிய வேண்டும், அல்லது வரி கட்டுகிறவரின் மனைவியாக இருக்க வேண்டும். விதிகளில் இன்னொரு வரியும் இருந்தது. பட்டாளத்தில் இறந்த சிப்பாய்க்காகப் பென்ஷன் வாங்கும் தாய்க்கும் ஓட்டு உண்டு. அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

புதிய சட்டம் அதிகாரங்களை மூன்று பட்டியலாகப் பிரித்திருப்பதையும் சார் விளக்கினார். டெல்லிக்கு ஒன்று. மாகாணத்துக்கு ஒன்று. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. பட்டாளம் டெல்லியின் பட்டியல். சாவுப் பதிவும் இடுகாடும் மாகாணத்தின் பட்டியல்.

"சண்டைக்கு அனுப்பறது அவன், பொதைக்கறது நாமளா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குமாஸ்தா கேட்டார்.

சார் சிரிக்கவில்லை. "சட்டம் அப்படித்தான் சொல்றது" என்றார்.

எனக்குக் கெடார் என்ற கிராமம் விழுந்தது. விழுப்புரம் வரை பஸ், அங்கிருந்து மாட்டு வண்டி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரிய அறை ஆண்களுக்கு, சின்ன அறை பெண்களுக்கு. இரண்டுக்கும் முன்னால் கற்பலகை பாவிய தாழ்வாரம். வேங்கடேசன் சார்தான் தலைமை அதிகாரி. அவர் பெரிய அறையில் இருந்தார்.

சின்ன அறையின் மூலையில் இரண்டு ஓலைத் தட்டிகளை நிறுத்தி, முன்னால் கோணித் திரை தொங்கவிட்டிருந்தோம். உள்ளே ஒரு முக்காலி. அதன் பின்னால் பெஞ்சின்மேல் மூன்று மரப்பெட்டிகள்: பச்சை, மஞ்சள், சிவப்பு. எந்த வேட்பாளர் வேண்டுமோ அவருடைய நிறப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் நிறம் தெரியும் அல்லவா?

என்னோடு விழுப்புரத்திலிருந்து வந்த நர்ஸ் அம்சவள்ளி உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். மடியில் வறுத்த மல்லாட்டை, எங்கள் பக்கத்து வேர்க்கடலை. எதிர் பெஞ்சில் முனியம்மாள். ஊர் மணியக்காரரின் மனைவி. பச்சைப் பெட்டி வேட்பாளரின் ஏஜெண்டாக வந்திருந்தார். மற்ற இரண்டு பேருக்கும் பெண் ஏஜெண்ட் கிடைக்கவில்லை. வாசல்படிக்கு வெளியே தலையாரி துரைக்கண்ணு. ஓட்டர் கொண்டுவரும் நம்பர் துண்டைப் பார்த்து அம்சவள்ளி பட்டியலில் தேடுவார். நான் பெயரைப் படிப்பேன். நான் படித்தது வரிசைக்குக் கேட்காததால் துரைக்கண்ணு அதைக் கச்சேரியில் கூப்பிடுகிறதுபோல உரக்கத் திருப்பிச் சொன்னான்.

"டீச்சர், உங்க தொண்டையில கெணறு வெட்டினாத்தான் தண்ணி வரும்போல" என்றார் அம்சவள்ளி.

காலையில் பெரிய தொல்லை புருஷன் பெயர்தான். பட்டியலில் பெண்கள் இன்னாரின் மனைவி என்றுதான் இருந்தார்கள். அந்த இன்னாரின் பெயரை ஒருத்தியும் சொல்ல மாட்டாள்.

"ஊட்டுக்காரர் பேரு இன்னாம்மா?" என்று ஒருத்தியை அம்சவள்ளி கேட்டார்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாமி பேரா? மலை பேரா? ஜல்தி சொல்லும்மா, பின்னால ஆளு நிக்குது."

அவள் வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தோம். திரும்பி வந்து, முற்றத்திலிருந்து எடுத்த ஒரு மண் கட்டியை என் மேஜைமேல் வைத்தாள்.

"மண்ணாங்கட்டி!" என்று அம்சவள்ளி கத்தினார். வரிசை முழுவதும் சிரித்தது. அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முனியம்மாள்கூடச் சிரித்தார். அந்தக் கட்டியைக் காகிதங்கள் பறக்காமல் இருக்க அங்கேயே வைத்துக்கொண்டேன்.

சிலர் பெட்டிக்கு முன்னால் கும்பிட்டு நின்றார்கள். ஒரு கிழவி உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. அடுத்தவள் திரையைத் தூக்கப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்சவள்ளி, "யாரது? உள்ள ஒருத்தர் கீறாங்க, நில்லு!" என்று அதட்டிவிட்டார். காலை முழுவதும் அந்த வாக்கியத்தை அவரே சொன்னார். பிறகு பார்த்தால் மூன்று பெட்டிக்கும் குங்குமம் வைத்திருந்தது.

உச்சிப்பொழுதில் வரிசை ஓய்ந்தது. ஆண்கள் அறையிலும் சத்தம் அடங்கியது. வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் கூரை ஓடு என்று நினைத்தேன். வெயிலில் ஓடு ஒரு அளவிலும் அதைத் தாங்கும் மரம் வேறு அளவிலும் விரியும். அந்த உரசலில் சத்தம் வரும். ஆனால் இது மேலிருந்து வரவில்லை. தாழ்வாரத்துக் கல்லிலிருந்து வந்தது. லாடம் அடித்த தோல் கல்லில் ஊன்றி எடுக்கும் சத்தம். சீராக வந்தது. வாசல்படிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

துரைக்கண்ணு அங்கே கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். காலை மடக்கி வழி விட்டான்.

"யாரு?" என்றேன்.

"யாரும் இல்லீங்க டீச்சரம்மா."

"போலீஸ்காரரா?"

"அவரு அந்தாண்ட தூங்கிக்கினு கீறாரு. பூட்ச கழட்டி தலமாட்டுல வச்சிட்டு."

எழுந்து வெளியே போனேன். தாழ்வாரம் காலியாக இருந்தது. ஒவ்வொரு கல்லாக மிதித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆடவில்லை. கல் சுட்டது. துரைக்கண்ணு வழி விட்ட இடத்தில் மட்டும் சூடு இல்லை. கூரை நிழல் என்று நினைத்து மேலே பார்த்தேன். அங்கே நிழல் விழவில்லை.

உள்ளே வந்தபோது அம்சவள்ளி மல்லாட்டை உரிப்பதை நிறுத்தியிருந்தார். "எனக்கும் கேட்டுச்சி" என்றார். "தலையாரி, உண்மைய சொல்லு. யாரு அது?"

துரைக்கண்ணு முனியம்மாளைப் பார்த்தான். முனியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க தெரு பூமாலையோட மவன் விருத்தாசலம்" என்றான். "இருவது வருசம் முந்தி, ஜெர்மன் சண்டையப்போ, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறாங்கன்னு நானும் அவனுந்தான் விழுப்புரம் போனோம். எனக்கு ஒசரம் பத்தலன்னு தள்ளிட்டாங்க. அதனாலதான் இங்க குந்திக்கினு பேசறேன். அவன எடுத்துக்கினாங்க. கப்பலேறதுக்கு முன்னால ஒரு தபா ஊருக்கு வந்தான். பூட்சு போட்டுக்கினு இந்த ஊர்த் தெருவுல நடந்தான். எங்க ஆளுங்க இந்தத் தெருவுல செருப்பு போட்டுக்கினு நடந்தது கெடையாது."

"நடந்தான்" என்றார் முனியம்மாள், ஜன்னலைப் பார்த்தபடியே. "நான் அப்ப புதுசா கண்ணாலம் ஆயி வந்தவ. நடுத் தெருவுல நடந்தான். எங்க மாமனாரு எழுந்து நின்னாரு. சர்க்கார் உடுப்பாச்சே, ஒண்ணும் சொல்ல முடியல."

"அப்பால" என்று தொடர்ந்தான் துரைக்கண்ணு, "கடல் தாண்டி பஸ்ரா போனான்னாங்க. யுத்தம் முடிஞ்சி டெல்லியிலேருந்து காகிதம் வந்துச்சி, செத்துட்டான்னு. உடம்பு வரல. உடம்பு கெடைக்காதவனுக்கு எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்குதுங்க. பெத்தவ தன் வாயால 'போயிட்டான்'னு சொல்லணும். சொன்னாத்தான் மண்ணு தள்ளுவோம். அது வரைக்கும் அவன் இருக்கறவனும் இல்ல, செத்தவனும் இல்ல. வாசப்படி வரைக்கும் வருவான். உள்ள வர முடியாது. திரும்பிப் போவவும் முடியாது."

"அந்தம்மா சொல்லலியா?" என்று அம்சவள்ளி கேட்டார்.

"சொல்லல. மாசாமாசம் விழுப்புரம் போயி பென்ஷன் வாங்கியாறா. கேட்டா மவன் சம்பளம்பா. நாங்களும் ஆமாம் ஆமாம்னுடுவோம்."

டெல்லியின் பட்டியலில் அவன் இறந்துவிட்டான். மாகாணத்தின் பட்டியலில் இன்னும் இறக்கவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது. வாசல்படியைப் பார்த்தேன். பிறகு பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அவள் அதன்பிறகு சற்று நேரத்தில் வந்தாள். உயரமான பெண். நரைத்த தலை, வெளுத்த புடவை. முற்றத்திலேயே நின்றுவிட்டாள். கையிலிருந்த நம்பர் துண்டைத் துரைக்கண்ணு வாங்கி உள்ளே கொடுத்தான். அம்சவள்ளி பட்டியலில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார்.

"பூமாலை" என்று மட்டும் படித்தேன்.

"பூமாலை!" என்றான் துரைக்கண்ணு.

"உள்ள வரலாமா?" என்று முற்றத்திலிருந்து கேட்டாள். அந்தக் கட்டடத்துக்குள் அவள் அதுவரை கால் வைத்ததில்லை என்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது.

"வாம்மா, வா. சட்டமே வரச் சொல்லுது" என்றார் அம்சவள்ளி.

வாசல்படி அருகில் வந்ததும் அவள் ஒரு பக்கமாக ஒதுங்கி, எதன்மேலும் படாமல் நுழைந்தாள். நான் புத்தகத்திலிருந்து ஓட்டுச் சீட்டைக் கிழித்தெடுத்தேன்.

"ஆட்சேபணை!" என்றார் முனியம்மாள். ஏஜெண்டுகளுக்குக் கற்றுக்கொடுத்திருந்த சொல். "இவ அந்தப் பூமாலை இல்ல."

"உங்க ஊர்ல எத்தினி பூமாலைங்க?" என்று அம்சவள்ளி கேட்டார்.

"ஒருத்திதான்."

"அப்புறம் இன்னா பேஜாரு?"

"பட்டியல்ல இன்னா போட்டிருக்குது? இறந்துபோன சிப்பாய் விருத்தாசலத்தோட தாயார். இவ மவன் எங்க செத்தான்? சாவுக் கணக்கு எங்க ஊட்டுக்காரருதான் எழுதறாரு. அதுல அவன் பேரு இல்ல. இவளும் உசுரோட கீறான்னுதான் சொல்லிக்கினு திரியறா. கேட்டுப் பாருங்க."

அவர் பேச்சில் பயம் கலந்திருந்தது. ஆனால் ஒரு கணக்கும் இருந்தது. சேரி ஓட்டு பச்சைப் பெட்டியில் விழாது. பூமாலை அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாள் என்பதும் ஊருக்கே தெரியும்.

துரைக்கண்ணு போய் வேங்கடேசன் சாரை அழைத்து வந்தான். அவர் வாசலுக்கு வெளியே நின்றார். துரைக்கண்ணு வழி விட்ட அதே இடத்தில். உடனே தோளைக் குறுக்கிக்கொண்டு இரண்டு அடி தள்ளி நின்றார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"பட்டியலைத் திருத்த நமக்கு அதிகாரம் இல்லை" என்றார். "ஆட்சேபணை வந்தால் ஒரே கேள்விதான். பட்டியலில் இருப்பதை அப்படியே படித்து, அது நீங்கள்தானா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் சீட்டு. பதில் இல்லை என்றால் அனுப்பிவிட வேண்டியதுதான். பெண்கள் அறை, நீங்களே கேளுங்கோ."

ஆண்கள் அறையில் யாரோ சண்டை போடும் சத்தம் கேட்டது. அவர் அங்கே ஓடினார்.

பூமாலை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விருத்தாசலத்தின் தாயார் பூமாலை நீங்கள்தானா?" என்றேன்.

"முழுசா படிங்க டீச்சரம்மா" என்றார் முனியம்மாள்.

பட்டியலில் விரலை வைத்துக்கொண்டேன். படித்தேன். "இறந்துபோன சிப்பாய் விருத்தாசலத்தின் தாயார் பூமாலை நீங்கள்தானா?"

"இன்னா சொன்னீங்க? காதுல வுழல."

துரைக்கண்ணு திருப்பிச் சொல்வான் என்று பார்த்தேன். காலையிலிருந்து என் ஒவ்வொரு சொல்லையும் சொன்னவன் இப்போது தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவன் சொல்ல மாட்டான். நானேதான் மறுபடியும் சொல்ல வேண்டும், அவளுக்குக் கேட்கும்படி. சொன்னேன். என் குரல் யாருடையதோ போல இருந்தது.

வாசல்படிக்கு வெளியே கல்லில் ஒரு கால் மாற்றி ஊன்றும் சத்தம் கேட்டது. வெகுநேரம் நிற்கிறவர்கள் அப்படிச் செய்வார்கள்.

பூமாலை திரும்பிப் பார்த்தாள். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சொல்லேன் பாப்போம்" என்றார் முனியம்மாள். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"தாயி, நான் சம்பளம் சம்பளம்னு சொல்லிக்கினு திரிஞ்சேன்" என்றாள் பூமாலை. "சம்பளம்னா ஏறணும் இல்ல? இத்தினி வருசத்துல ஒரு காசு ஏறல. ஏறாத சம்பளம் யாருக்கு வரும்னு எனக்குத் தெரியாதா?"

அவள் முனியம்மாளைப் பார்த்துப் பேசினாலும், பேச்சு வாசலுக்குப் போனது.

"முன்னெல்லாம் என் ஊட்டாண்ட வந்து நிப்பான். நானும் வரட்டும்னு இருந்தேன். வந்து நிக்கறதே போதும்னு. இந்தப் பட்டியல இங்க பள்ளிக்கூடத்து வெளிச் சுவத்துல ஒட்டினாங்க பாரு, அன்னையிலேருந்து என் ஊட்டுக்கு வரல. இங்கதான் வர்றான். அவன் பேர படிச்சிக் காட்டினாங்க, செத்தவன்னு. கேட்டிருப்பான் போல. இங்கதான் யாரோ ஒருத்தர் அவன செத்தவன்னு ஒத்துக்கினாங்க. அதான் இங்க வர்றான்."

பூமாலை வாசல்படிக் கல்லைப் பார்த்தாள்.

"நான்தான் அவன நிக்க வச்சிருக்கேன். கால் நோவாது?"

அவள் வாசல் பக்கம் முழுவதுமாகத் திரும்பினாள்.

"போயிட்டான்" என்றாள். "என் மவன் விருத்தாசலம் போயிட்டான்." பிறகு என்னிடம், "அந்தப் பூமாலை நான்தாங்க" என்றாள்.

வாசல்படிக் கல்லில் ஒரு காலடி விழுந்தது. படியின்மேல். அதுவரை அது படியைத் தாண்டியதில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் அறையின் தரை சாணம் மெழுகியது. அதில் எந்தக் காலும் சத்தம் போடாது.

மேஜைமேலிருந்த காகிதங்கள் ஒரு பக்கமாகப் புரண்டு, மண் கட்டியில் தட்டி நின்றன. அம்சவள்ளியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. எத்தனையோ பிரசவம் பார்த்த கை.

சீட்டைப் பூமாலையிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் போனாள். ஒரு கையால் கோணித் திரையை விலக்கி, மறு கையை உள்ளே நீட்டிச் சீட்டை முக்காலிமேல் வைத்தாள். அவள் உள்ளே போகவில்லை. திரையை இழுத்து மூடி, இரண்டு கையாலும் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள், குளிக்கிற பிள்ளைக்குப் புடவையால் மறைப்புப் பிடிக்கிறவளைப் போல.

"ஓட்டு அவனால வந்தது" என்றாள். "அவனே போடட்டும்."

முனியம்மாள் எழுந்துவிட்டார். "இது இன்னா கூத்து? சீட்ட உள்ள வச்சிட்டு இவ வெளிய நிக்கறா! உள்ள யாரு கீறா? தொற திரைய. நான் பாக்கணும்."

பெஞ்சைச் சுற்றிக்கொண்டு மறைப்பை நோக்கி நடந்தார். துரைக்கண்ணு ஆண்பிள்ளை, உள்ளே வர முடியாது. அம்சவள்ளியைப் பார்த்தேன். அவர் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

உள்ளே யாரும் இல்லை என்றால் முனியம்மாள் திரையைத் தூக்கலாம். நானே தூக்கலாம். சீட்டு முக்காலிமேல் கிடக்கும். எடுத்து, செல்லாது என்று எழுதி வைக்கலாம். அது பௌதிகம். உள்ளே ஒருவர் இருந்தால் யாரும் தூக்கக் கூடாது. அது சட்டம். இரண்டில் ஒன்றை நான் சொல்ல வேண்டும். திரைக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை.

எழுந்து நின்றேன்.

"உள்ளே ஒருவர் இருக்கிறார்" என்றேன். "காத்திருங்கள்."

ஆண்கள் அறையில் சண்டை நின்றது. முற்றத்தில் வந்து சேர்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். முனியம்மாள் நீட்டிய கையோடு நின்றார். அவருடைய விரலுக்கும் கோணிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

திரை உள்பக்கமாக ஒருமுறை ஒட்டிப் பிரிந்தது. காற்று இல்லை. பூமாலையின் இரண்டு கையும் வெளியே எங்கள் கண்முன் இருந்தன.

பிறகு, மடித்த காகிதம் மரத்தில் உரசி உள்ளே விழும் ஓசை. காலையிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிய ஓசை. எந்தப் பெட்டி என்று தெரியாது. அது யாருக்கும் தெரியக் கூடாதது.

பூமாலை கையை எடுத்தாள்.

படிக்கல்லில் ஒரு காலடி. அடுத்தது தாழ்வாரத்தில். துரைக்கண்ணு எழுந்து, முதுகை நிமிர்த்தி, கையைப் பக்கவாட்டில் ஒட்டி நின்றான். முற்றத்திலிருந்த பெண்கள் யாரும் சொல்லாமலே இரண்டாகப் பிரிந்தார்கள். லாடச் சத்தம் அவர்கள் நடுவே போகவில்லை, முற்றம் மண்தரை. ஆனால் அவர்கள் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. கடைசியில் எல்லாரும் ஊர்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெருவின் நடுவில் வெயில் மட்டும் இருந்தது.

முனியம்மாள் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பூமாலையைக் கேட்டார். அந்தக் குரலில் ஏஜெண்ட் இல்லை.

"ஊட்டுக்காரர்கிட்ட சொல்லி கணக்குல எழுதச் சொல்றேன். எந்தத் தேதின்னு எழுதறது?"

"இன்னைக்கின்னு எழுதச் சொல்லுங்க தாயி."

"இன்னைக்கின்னா… செத்தவன் ஓட்டுப் போட்டான்னு ஆயிடுமே."

பூமாலை மறைப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"போட்டப்புறம்னு எழுதச் சொல்லுங்க" என்றாள்.

பிறகு என் மேஜையைப் பார்த்தாள். "இத நான் எடுத்துக்கட்டுமா?"

மண் கட்டியைக் கேட்டாள். தலையசைத்தேன். அம்சவள்ளி சிரிக்கவில்லை. பூமாலை அதை எடுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போய்க் குந்தினாள். கட்டியை இரண்டு கையாலும் நசுக்கி, அவன் நின்ற இடத்தில் மண்ணை மூன்று தரம் தள்ளினாள். துரைக்கண்ணுவும் குனிந்து ஒரு கை தள்ளினான். அவள் எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எங்கும் ஒதுங்காமல் படியின் நடுவில் கால் வைத்து இறங்கிப் போனாள்.

அம்சவள்ளி அடுத்த நம்பர் துண்டை எடுத்துப் பட்டியலை என் பக்கம் நகர்த்தினார். பெயரைப் படித்தேன்.

துரைக்கண்ணு திருப்பிச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் முற்றத்தின் கடைசியிலிருந்து ஒரு பெண், "நான்தாங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.